காப்புக் கட்டிய கையும் கடைசிக் கச்சேரியும்

இதை எழுத வேண்டும் என்று அந்தக் கச்சேரி நடந்த வருடமே நினைத்தேன். எழுதாமலே வருடங்கள் போய்விட்டன. பேனாவை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், சுவரில் இருக்கும் சாமி படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். நெற்றியில் விபூதி இல்லாமல் வாசல் தாண்டாதவன் நான். செவ்வாய், வெள்ளியில் கவிச்சி தொடமாட்டேன். அப்படிப்பட்ட ஆள், தொண்டை கிழியக் கத்துகிற வெள்ளைக்காரர்களின் பாட்டைப் பற்றி உருகி எழுதினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று ஒரு பயம். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இதையெல்லாம் சொல்ல வருமா என்று இன்னொரு பயம். ஆனால் ஊரில் அந்த நாளைப் பற்றி ஆளுக்கு ஒரு விதமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். யார் பெயரையும் எழுதவில்லை, அந்தக் குழுவின் பெயரையும்தான். அம்மன் சாட்சியாகப் பொய் கலக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால், காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற கூடத்தின் குவார்ட்டர்ஸ்களுக்கு நான் பலாப்பழம், கீரை, தேன் எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே சமையற்கட்டில் வேலை செய்தவன் பெங்களூர்த் தமிழன். என் வயதுதான் இருக்கும். ஒரு நாள் காலையில் தோளில் பலாப்பழமும் கையில் கீரைக்கட்டுமாகப் பின்வாசல் பக்கம் போனபோது உள்ளே இருந்து ஒரு சத்தம் கேட்டது.

எங்கள் மலையில் திருவிழா என்றால் பம்பை அடிப்பார்கள். மெதுவாக ஆரம்பிக்கும். பிறகு வேகம் ஏறும். ஒரு வேகத்துக்கு மேல் போனால் கூட்டத்தில் யாராவது ஒருவர் உடம்பு நடுங்கும், சாமி வந்துவிடும். உள்ளே கேட்ட அடி அந்த வேகத்துக்கும் மேலே இருந்தது. கூடவே ஒரு ஆள் அடிவயிற்றிலிருந்து கூப்பிடுகிறான். எனக்குச் சந்தேகமே வரவில்லை. பலாப்பழத்தையும் கீரையையும் கீழே வைத்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். கைகட்டி நின்றேன்.

சமையற்காரன் கையில் கத்தியோடு வெளியே வந்தான். பெங்களூர் வழக்கப்படி யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவான்.

"இன்னா குரு, செருப்ப கழட்டி உட்டுட்டு நிக்கிற?"

"உள்ள யார் மேல சாமி வந்துகீது?" என்றேன் மெதுவாக.

அவன் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தான். மூச்சு வாங்கச் சிரித்தான். பிறகு எழுந்து, "வா, சாமிய காட்டறேன்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். அடுப்பு மேடை ஓரத்தில் எண்ணெயும் மாவும் படிந்த ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. அவ்வளவுதான். அதற்குள் நாலு பேர் இருக்கிறார்கள் என்றான். ஒருவன் பாடுகிறான், இரண்டு பேர் கிடார், ஒருவன் டிரம். கடல் தாண்டி ஏதோ ஊர்.

நான் போகவில்லை. கீரைக்கட்டு வாடிக்கொண்டிருந்தது. அவன் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்ததால் என் கண்ணில் வந்த தண்ணீருக்கு நான் காரணம் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்த ஆள் யாரையோ கூப்பிடுகிறான், வரும்வரை விடமாட்டான் என்பது மட்டும் தெரிந்தது. கூப்பிடுகிறவனின் பக்கத்தில் நிற்க எனக்குப் பிடித்திருந்தது.

அதன்பின் பழம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே போனேன். அவன் வேலையை விட்டுவிட்டுப் பெங்களூருக்கே திரும்பியபோது எனக்கு ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். "பத்திரமா வச்சிக்கோ குரு. ஒரு நாள் இவங்க பெங்களூருக்கு வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து போறோம்." அப்போது அது சந்திரனுக்குப் போகிறோம் என்று சொல்வது மாதிரி இருந்தது. தலையாட்டினேன்.

என்னிடம் இருந்த டேப்புக்கு எப்போதும் பழைய பேட்டரிதான். வெயிலில் வைத்துச் சூடாக்கி, மறுபடி போட்டுக் கேட்பேன். அதனால் பாட்டு இழுத்து இழுத்துத்தான் ஓடும். அந்தக் கேசட்டின் இரண்டாம் பக்கத்து முதல் பாட்டுதான் எனக்கு உயிர். தகரக் கூரையில் மழை விழ ஆரம்பிக்கிற மாதிரி டிரம்மிலேயே ஆரம்பிக்கும். என் டேப்பில் அது எருமை மாடு ஏரியில் இறங்குகிற மாதிரி நிதானமாக வரும். ரொம்ப வருடம் கழித்து அதே பாட்டை ஒரு செல்போனில் கேட்டேன். இவ்வளவு அவசரமாக ஏன் பாடியிருக்கிறார்கள் என்று எனக்குக் கோபமே வந்தது. அதுதான் சரியான வேகம் என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று.

பிறகு ஒரு பழைய ஜீப் வாங்கினேன். மலைமேல் இருப்பவர்களையும் புளி, சாமை மூட்டைகளையும் ஆலங்காயம் வரை இறக்குவேன், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வருவேன். சில நாள் அமிர்திப் பக்கமும் சவாரி இருக்கும். ஜீப்பில் டேப் உண்டு, பேட்டரிக் கவலை கிடையாது. முன்சீட்டில் உட்காருகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான். ஒரு அத்தை உண்டு, சந்தைக்குப் போகிற நாளெல்லாம் என் ஜீப்பில்தான் வருவார்.

"ஏம்பா, இது பாட்டா, இல்ல உன் இஞ்சின் கெட்டுப்போச்சா?"

"பாட்டுதான் அத்தே."

"யாரயோ அறுக்கற மாரி கீதேப்பா!"

"அறுக்கல அத்தே, பாடறான்."

"இன்னா கொறயாம் அவனுக்கு? பொண்டாட்டி உட்டுட்டு போய்ட்டாளா?"

பின்னால் மூட்டைமேல் இருப்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். ஆனால் நான் வேறு பாட்டுப் போட்ட ஒரு நாள், அதே அத்தை, "இன்னாபா வண்டி இன்னைக்கு மெதுவா போவுது, அந்தக் கத்தறவன போடு, சீக்கிரம் போவும்" என்றார்.

என் மனைவி வந்த கதையையும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே சமையற்காரன் பெங்களூரிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். அந்தக் குழுவின் பெரிய படம். நாலு பேரும் சின்னதாகக் கீழே நிற்பார்கள். மேலே ஒரு முகம், கோரைப்பல்லும் உருட்டு விழியும் பறக்கிற முடியுமாக. சாமி மாடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி இருந்தது, அங்கே மாட்டியிருந்தேன். புதுப்பெண்ணாக வந்தவளுக்கு எங்கள் குலதெய்வம் எது என்று யாரும் சொல்லவில்லை. அவள் வீட்டில் முனீஸ்வரன். கோரைப்பல்லைப் பார்த்ததும் இதுதான் இந்த வீட்டுச் சாமி என்று எடுத்துக்கொண்டாள். விடிந்ததும் குளித்து, அந்தப் படத்துக்குக் குங்குமம் வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டாள். நான் ஜீப்போடு கிளம்பிப் போய்விடுவதால் பார்க்கவில்லை. படத்தின் நெற்றியில் குங்குமம் ஏறியிருந்ததைக் கண்டபோது என் தங்கைதான் வைத்திருப்பாள் என்று நினைத்தேன். என் தங்கை ஒரு நாள் விடியற்காலையிலேயே வீட்டுக்கு வந்தபோது, "அண்ணி, இன்னா அந்தப் பேயிக்கு வெளக்கு ஏத்தறீங்க" என்று கேட்கப்போய்த்தான் விஷயம் தெரிந்தது.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"யோவ், யாருயா அது செவுத்துல?"

"பாட்டுக்காரங்க."

"பாட்டுக்காரனுக்கா நானு வெரதம் இருந்தேன்? புருசனுக்கு நல்ல புத்தி குடுன்னு அதுங்கிட்டயா வேண்டினேன்?"

"குடுத்துட்ச்சா இல்லயா?"

கையில் இருந்த முறத்தால் அடிக்க வந்தாள். அன்றிலிருந்து அந்தப் பாட்டு அவளுக்கு ஆகாது. நான் டேப்பைப் போட்டால் பாத்திரத்தை உருட்டுவாள். "உன் பேய்ங்க வந்துட்ச்சா" என்பாள். படத்தை மட்டும் கழற்றவில்லை. குங்குமம் வைத்ததைக் கழற்றிக் கடாசக் கூடாதாம். மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு மாற்றினாள்.

என் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த நாள். வெயில் ஏறியிருந்த நேரம். ஜீப்பின் பின்சீட்டில் படுக்கவைத்து மலை இறங்கினேன். மனைவி அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். வளைவுக்கு வளைவு அம்மாவின் முனகல் குறைந்துகொண்டே வந்தது. பேச்சு கொடுத்துப் பார்த்தேன், பதில் இல்லை. பிறகு அம்மாவே மெல்லச் சொன்னாள்: "அந்த இடிக்கறத போடு நைனா. தூக்கம் வருது, தூங்கினா உசுர வுட்ருவேன் போல கீது."

போட்டேன். இரண்டாம் பக்கம். மலை முழுக்கக் கேட்கிற மாதிரி வைத்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அம்மனிடம் வேண்டினேன்: இவளைத் திருப்பிக் கொடுத்தால் என் கால் நடக்கிற வரைக்கும் வருடா வருடம் உனக்குத் தீமிதிக்கிறேன். அம்மா பிழைத்தாள். அதற்கப்புறமும் பல வருடம் இருந்தாள். அம்மன் காப்பாற்றினாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை அவளைத் தூங்கவிடாமல் கொண்டுவந்தது யார் என்பதையும் நான் மறக்கவில்லை.

இப்படியே வயதாகிவிட்டது. ஜீப் போய்விட்டது. கேசட் போய், பாட்டு செல்போனுக்குள் வந்துவிட்டது. ஒரு நாள் சமையற்காரன் போன் செய்தான். அவன் இப்போது பெங்களூரில் சொந்தமாக ஆள் வைத்துப் பெரிய விசேஷங்களுக்குச் சமைக்கிறான்.

"குரு, அவங்க நிறுத்தறாங்களாம்."

"எத்த?"

"பாடறத. எல்லாத்தயும். டிரம் அடிக்கறவனுக்கு முட்டி போச்சாம், பாடறவனுக்குத் தொண்ட போச்சாம். ஊர் ஊரா போய் கடைசியா ஒரு தபா பாடிட்டு வூட்டுக்குப் போறாங்களாம். பெங்களூருக்கும் வர்றாங்க. டிக்கெட் ரெண்டு வாங்கிட்டேன்."

கொட்டகைக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்தேன். அதில் நாலு பேருக்கும் இருபத்தைந்து வயதுதான். எனக்குப் பல் விழுந்து, முடி நரைத்து, சர்க்கரைக்கு மாத்திரை வந்தபிறகும் அவர்களை நான் அந்த வயதிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "எவன் செத்தான்?" என்று மனைவி கேட்டாள். ஒருத்தனும் சாகவில்லை, நிறுத்துகிறார்கள் என்றேன். அன்றைக்கு அவள் பாத்திரத்தை உருட்டவில்லை.

கச்சேரி ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எல்லாம் சரியாக இருந்தது, திருவிழாவுக்கு நாள் குறிக்கும்வரை.

எங்கள் ஊரில் திருவிழாவுக்கு நாளை அம்மனிடம் பூக்கேட்டுத்தான் வைப்போம். சிவப்புப் பூ ஒரு இலையிலும் வெள்ளைப் பூ ஒரு இலையிலும் மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் இந்தச் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு, வெள்ளை வந்தால் அமாவாசை கழித்து. பூசாரி என் தங்கையின் புருசன். நான் கூட்டத்தில் கண்ணை மூடி, வெள்ளை வரட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டு நின்றேன். சிவப்பு வந்தது. செவ்வாய் காப்புக் கட்டு, மறு செவ்வாய் தீமிதி. நடுவிலே அந்தச் சனிக்கிழமை.

காப்பு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து மணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டிக்கொண்டவர் திருவிழா முடியும்வரை பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர் எல்லைக்குள் இருந்தாக வேண்டும். வெளியூரில் தங்கக் கூடாது. கட்டாமல் இருந்துவிடலாம், ஆனால் கட்டாதவர் தீமிதிக்க முடியாது. எனக்கோ அம்மா பேரில் வேண்டுதல்.

பூசாரி மச்சானிடம் போய்ச் சொன்னேன். அவர் தாடியைச் சொரிந்தார்.

"இன்னா மச்சான், பெங்களூர்ல சாயங்காலம் பாட்டு, இங்க சாயங்காலம் வெளக்கு. ரெண்டும் எப்டி ஆவும்?"

"காப்ப வூட்ல கழட்டி வச்சிட்டு போய்ட்டு வாங்களேன்னு நேத்து ஒருத்தன் சொன்னான்."

"சொன்னவன் யாரு? அவன் வாய்ல மொதல்ல கட்றேன் காப்ப!"

செவ்வாய்க்கிழமை நானும் மனைவியும் காப்புக் கட்டிக்கொண்டோம். சமையற்காரனுக்குப் போன் செய்து, டிக்கெட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்றேன். அவன் விடவில்லை: "இரு குரு. மேடக்காரங்களுக்கு அன்னைக்கு மத்தியானச் சாப்பாடு நான்தான் போடறேன். சாயங்காலம் பாட்றதுக்கு முன்னாடி, வெயில் நேரத்துலயே வந்து ஒரு தபா அடிச்சிப் பாப்பாங்க. மைக் சரியா கீதா, டிரம் கேக்குதான்னு. ஒண்ணு ரெண்டு பாட்டு பாடியும் பாப்பாங்க. அத கேட்டுட்டு நீ ஓடிப்போய்டலாம். காலைல கெளம்பி வா."

மச்சான் தன் காரைக் கொடுத்தார். சாவியைக் கையில் தருமுன் காருக்குள் குனிந்து ஸ்டியரிங்கிலும் ஒரு காப்பைக் கட்டினார். "இப்போ வண்டிக்கும் கட்டியாச்சி. வெளக்கு வைக்கறதுக்குள்ள வண்டியும் எல்லைக்குள்ள இருக்கணும்."

விடியும்போது கிளம்பலாம் என்று வெளியே வந்தால் முன்சீட்டில் மனைவி உட்கார்ந்திருந்தாள். புதுப் புடவை, மடியில் புளிச்சாத டப்பா.

"நீ எங்க?"

"உன்ன தனியா உட்டா அங்கயே ஒக்காந்துடுவ. பொழுத பாக்க ஒரு ஆள் வேணாமா? ஓட்டு."

ஆலங்காயம், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர். பெங்களூரை நெருங்க நெருங்க ஊர்ந்து போனோம். அந்த மைதானத்தைக் கண்டுபிடிக்கும்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது. சமையற்காரன் ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தான். தொப்பை வந்துவிட்டது, முடி ஒன்றும் இல்லை. கட்டிப்பிடித்துக்கொண்டோம். என் மனைவியைப் பார்த்து, "இன்னா அண்ணி, வெளக்கேத்தின சாமிய நேர்ல பாக்க வந்தீங்களா?" என்றான். "வா, உன் அடுப்புல கொள்ளி வைக்கறேன்" என்றாள் அவள்.

மேடைக்குப் பின்புறம் அவனுடைய சமையல் பந்தல். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மேடை, பக்கவாட்டில் நன்றாகத் தெரிந்தது. கறுப்புச் சட்டைக்காரர்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். ஒருவன் மைக்கில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தான். நாங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெயில் தலைக்கு மேலே வந்தது. மனைவி முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டாள். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலைப் பார்த்தேன்.

நிழல் காலடிக்கு வந்தபோது ஒரு கிழவர் மேடைமேல் ஏறினார். அரைக்கால் சட்டை. ஒரு முட்டியில் இறுக்கக் கட்டியிருந்தார். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு காலாக வைத்து ஏறினார். தண்ணீர் பாட்டிலைத் திறக்கச் சொல்லி இன்னொருவனிடம் நீட்டினார்.

"யாரு பெரியவரு?" என்றாள் மனைவி.

எனக்குத் தெரிந்துவிட்டது. டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. படத்தில் இடது ஓரமாக நிற்கிறவர்.

முதலில் ஒவ்வொன்றாகத் தட்டினார். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி தட்டிவிட்டுக் காதைச் சாய்த்தார். யாரிடமோ கையைக் காட்டினார். மறுபடி தட்டினார். அப்புறம் இரண்டு காலும் உள்ளே போயின. தகரத்தில் மழை. என் பாட்டு. முட்டி வலிக்கும் போல, வேகமே இல்லை. என் பழைய பேட்டரி டேப்பில் ஓடின அதே நிதானத்தில் அடித்தார். ஆனால் நெஞ்சுக்கூட்டில் இறங்குகிறது. வேலிக் கம்பி அதிர்கிறது, அதைப் பிடித்திருந்த என் கையில் காப்பு அதிர்கிறது. அம்மா பின்சீட்டில் படுத்திருந்த வளைவு, அத்தை முன்சீட்டில் உட்கார்ந்து கேலி செய்த வளைவு எல்லாம் வரிசையாக வந்தன. அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. சமையற்காரனும் கரண்டியோடு நின்று அழுதான். அந்த இடத்தில் வெங்காயம் எதுவும் இல்லை.

பாட்டில் பாடுகிறவன் நுழைய வேண்டிய இடம் வந்தது. டிரம் அந்த இடத்தைத் தாண்டி அடித்துக்கொண்டே போயிற்று. யாரும் பாடவில்லை. பாதியில் அவர் நிறுத்தினார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மத்தவங்கல்லாம் ஹோட்டல்ல கீறாங்களாம்," என்று விசாரித்துவிட்டு வந்தான் சமையற்காரன். "கெளம்பிட்டாங்களாம். இதோ வந்துடுவாங்க. கொஞ்சம் இரு குரு, மீதியப் பாடிட்டுத்தான் போவாங்க."

நிழல் காலடியை விட்டு மறுபக்கம் நகர்ந்திருந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். பொழுதைப் பார்க்க வந்தவள் பொழுதைப் பார்க்கவில்லை, மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருயா," என்றாள். "இவ்ளோ தூரம் வந்துட்டு பாதில போனா நல்லாவா கீது? வண்டிய கொஞ்சம் வேகமா ஓட்டிக்கலாம்."

எனக்கும் இருக்கத்தான் ஆசை. உடம்பு முழுக்க ஆசை. அந்தக் குரலை ஒரே ஒரு தடவை, டப்பாவுக்குள்ளிருந்து வராமல், ஒரு மனுஷன் தொண்டையிலிருந்து வருவதைக் கேட்டுவிட வேண்டும். இதற்குமேல் வாய்ப்பே கிடையாது. ஆனால் கிருஷ்ணகிரிச் சுங்கச்சாவடியில் லாரிகள் வரிசை நின்றால்? வாணியம்பாடியில் ரோடு அடைத்துக்கொண்டால்? மலையில் ஒரு டயர் போனால்? ஆஸ்பத்திரிக்குப் போன வழியில் நான் ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறேன், கொடுத்ததற்கு அம்மன் அன்றைக்கே பதில் செய்துவிட்டாள். அவளை எல்லையில் காத்திருக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மேடையைப் பார்த்துக் கும்பிட்டேன். அந்தக் கிழவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தார்.

"போய்ட்டு வர்றேன்," என்றேன் சமையற்காரனிடம். அவன் தலையை ஆட்டினான்.

திரும்பி வந்த வழியில் ஒரு இடத்திலும் வண்டி நிற்கவில்லை. சுங்கச்சாவடி காலியாகக் கிடந்தது. வாணியம்பாடியில் எங்களுக்காகவே ஒதுங்கிய மாதிரி ரோடு விரிந்து கிடந்தது. மலை வளைவுகளில் ஒரு பஸ்கூட எதிரே வரவில்லை. மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய எல்லைக்கல்லைத் தாண்டிக் காரை நிறுத்தியபோது வெயில் இன்னும் மரத்துக்கு மேலேயே இருந்தது. விளக்கு வைக்க நிறைய நேரம் இருந்தது. காரை விட்டு இறங்கி, அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அங்கேதான் சிக்னல் கிடைக்கும். செல்போன் அடித்தது.

"குரு, நீ போன கொஞ்ச நேரத்துல வந்துட்டாங்க குரு." சமையற்காரன் குரல் உடைந்திருந்தது. "அதே பாட்டு. மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் முழுசா பாடிட்டான். உனக்கு போன் போட்டு கேக்க வைக்கலாம்னு பாத்தேன், லைனே போவல."

"சரி," என்றேன். "நல்லா பாடினானா?"

"பாடினான்."

"சாயங்காலம் நல்லா பாரு. எனக்கும் சேத்து பாரு." வைத்துவிட்டேன்.

கார் முகப்பில் சாய்ந்துகொண்டேன். பக்கத்தில் மனைவி நின்றாள். 'அப்பவே சொன்னேனே' என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"மீதி எப்டிப் போவும்?" என்றாள்.

"எத்தோட மீதி?"

"அந்தப் பெரியவரு அடிச்சாரே. பாதில வந்துட்டமே. அதுக்கப்பறம் எப்டிப் போவும்? பாடு."

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பாட்டைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. "உனக்கு புடிக்காதே," என்றேன். "யாரு புடிக்கும்னா? பாடுன்னேன்."

பாடினேன். மச்சானின் காரை இரண்டு கையாலும் அடித்தேன். எனக்கு இங்கிலீஷ் வராது. வருகிற சத்தத்தை வைத்துத்தான் பாடுவேன். கிடார் வருகிற இடத்தில் கிடாராக ஆனேன். கத்துகிற இடத்தில் கத்தினேன், எதிர்மலையில் போய் இடித்துத் திரும்பி வந்தது. அவள் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி, குரல் மட்டும் தனியாக வருகிற இடம் ஒன்று உண்டு. அதைத் தாண்டி நான் அடுத்த அடிக்குப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இல்லயா. அதுக்கு முன்னாடி இன்னொரு வரி வரும். நீ வுட்டுட்ட."

"எந்த வரி?"

அவள் அந்த வரியை முனகிக் காட்டினாள். ராகம் தப்பவில்லை. இழுப்பு தப்பவில்லை. என் பழைய டேப்பின் இழுப்பு. பாத்திரம் உருட்டிக்கொண்டே இத்தனை வருடமும் கேட்டிருக்கிறாள்.

அந்த வரியிலிருந்து சேர்ந்தே பாடினோம். கடைசியில் பாடுகிறவன் ஒரே மூச்சில் நீளமாகப் பிடிப்பான், என் மூச்சு அதற்குப் போதவில்லை. நான் விட்ட இடத்தில் அவள் பிடித்துக் கொஞ்ச தூரம் கொண்டுபோனாள். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மச்சான் விளக்கோடும் எண்ணெயோடும் எல்லைக்கு வந்தபோது நான் வியர்வையில் நனைந்திருந்தேன்.

"இன்னா மச்சான், சாமி வந்துட்ச்சா?" என்றார் பதறி.

"இல்லண்ணா," என்றாள் என் மனைவி, புடவையைச் சரி செய்துகொண்டு. "பாட்டு முடிஞ்சிட்ச்சி."

மறு செவ்வாய் தீமிதித்தேன். கால் பொத்துப்போகவில்லை. அம்மன் குறை வைக்கவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஊரில் இப்போது வேறு மாதிரி சொல்கிறார்கள். நான் காப்போடு பெங்களூரில் தங்கிவிட்டேன் என்கிறார் ஒருவர். எல்லையில் என்மேல் அம்மன் இறங்கி வேற்று பாஷையில் குறி சொன்னாள் என்கிறார்கள் ஆடு ஓட்டி வந்தவர்கள். வெள்ளைக்காரன் மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டான் என்றுகூட ஒரு கதை கலசப்பாக்கம் வரை போயிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதெல்லாம் இல்லை. ஆகவே இதைப் படித்தவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்வதானால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, அந்தக் குரலை நான் நேரில் கேட்டுவிட்டேன் என்று ஒரு சொல் கூட்டிவிடாதீர்கள். நான் விட்டுப்போன வரியை என் மனைவி எடுத்துக் கொடுத்தாள் என்பதில் ஒரு சொல் குறைத்தும்விடாதீர்கள்.